ரீப்ளாண்டிங், மறுநடவு, தானாம் செமூலா: எந்த எடத்துல எந்த வார்த்தை? ஒரு முழு வழிகாட்டி

நான் மலேசியாவுல, செலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவுல போட்டோஸ்டாட் கடை வச்சிருக்கேன். பத்தாங் பெர்ஜுந்தைன்னு சொன்னாதான் பாதிப்பேருக்குப் புரியும், பேர் மாறி இத்தன வருஷமாச்சு, பெரியவங்க வாயில இன்னும் மாறல. போட்டோஸ்டாட்னு போர்டு போட்டிருந்தாலும் கடையில நடக்குற முக்காவாசி வேலை பாரம் (விண்ணப்பப் படிவம்) எழுதிக் குடுக்குறதுதான். அப்படித்தான் எங்க மாமாவுக்கு ஒரு பாரம் எழுதுனேன், தப்பா எழுதுனேன், அது திரும்பி வந்துச்சு.

மாமாவுக்கு அஞ்சு ஏக்கர் பழைய கித்தாக்காடு, அதாவது ரப்பர் தோட்டம். வெட்டித் தள்ளிட்டுப் புதுக் கன்னு வைக்கலாம்னு உதவிப்பணத்துக்கு எழுதிப் போட்டாரு. பாரத்துல ரெண்டு கட்டம் இருந்துச்சு, மலாய்ல ஒன்னு தானாம் பாரு (புதுசா நடுறது), இன்னொன்னு தானாம் செமூலா (திரும்ப நடுறது). மாமா "புதுக் கன்னுதான வைக்கப் போறோம், புதுசுன்னே போடும்மா"ன்னாரு, நானும் யோசிக்காம பாருவுல டிக் போட்டுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு கவுண்டர்ல இருந்தவரு பாரத்த நம்ம பக்கமே தள்ளி விட்டாரு, பழைய மரம் நிக்கிற நெலத்துக்குப் போயி இத போட்டு வச்சிருக்கீங்களேன்னு. கன்னு புதுசுங்கிறதால நடவு புதுசாயிடாது, நெலத்துல முன்னாடி என்ன நின்னுச்சுன்னுதான் பாக்கணும். அன்னைலேருந்து மறுநடவுங்கிற இந்த ஒரு வார்த்தைய நோண்டிக்கிட்டே இருக்கேன், அதான் இங்க ஒவ்வொரு படியா எழுதுறேன். பாரம் எழுதுறவங்க, பேப்பருக்குச் செய்தி எழுதுறவங்க, புள்ளைங்களுக்குக் கட்டுரை சொல்லிக் குடுக்குறவங்க, யாருக்காவது ஒதவும்.

முதல் படி: வார்த்தைய ரெண்டா ஒடைங்க

மறு + நடவு. மறுங்கிறது நமக்குத் தெரிஞ்சதுதான், மறுநாள், மறுமணம், மறுபிறவி, கல்யாணம் முடிஞ்சு போற மறுவீடு. எல்லாத்துலயும் "இன்னொரு தடவை" இல்லன்னா "அடுத்தது"ங்கிற அர்த்தம். மொகத்துல இருக்குற மறு வேற, "முடியாது"ன்னு மறுக்குறது வேற, எழுத்து ஒன்னா இருக்குதேன்னு குழம்பிக்காதீங்க.

நடுங்கிற வார்த்தைதான் கொஞ்சம் பெரிய குடும்பம். செடிய மட்டுமா நடுறோம், பந்தக்கால் நடுறோம், கம்பம் நடுறோம், போர்ல செத்த வீரனுக்கு அந்தக் காலத்துல நட்ட கல்லுக்குப் பேரே நடுகல். நிமுந்து நிக்கிற மாதிரி மண்ணுல எறக்குறதுதான் நடுறது. ஆனா நடவுன்னு பேர்ச்சொல்லா மாறுனதும் அது வயக்காட்டு வார்த்தையா சுருங்கிடுது. பந்தக்கால் நடுறாங்கன்னு சொல்வோம், பந்தக்கால் நடவுன்னு யாரும் சொல்ல மாட்டோம். அதனால கல்யாணப் பந்தல் மழையில சாஞ்சு கால மறுக்கா நட்டா அது மறுநடவு கெடையாது, சிரிப்பாங்க.

இதோட பக்கத்து வீட்டுக்காரங்க மூணு பேரு இருக்காங்க. விதைக்கிறது, ஊன்றது, நாட்டுறது. வெதைய வீசுனா அல்லது தூவுனா விதைப்பு, அத திரும்பச் செஞ்சா மறுவிதைப்பு. மரவள்ளிக் குச்சிய ஊனுவோம். கொடிய நாட்டுவோம், அடிக்கல் நாட்டுவோம். ஸ்ரீலங்கா ஆளுங்க "மரக்கன்று நாட்டினார்"னு எழுதுவாங்க, அது தப்பில்ல, அவங்க வழக்கு. அங்க தேயிலைக்கு மறுநடவுன்னு சொல்லாம மீள்நடுகைன்னு சொல்றதும் அப்படித்தான். நம்ம நாட்டுப் பேப்பருக்கு மறுநடவு போதும், ரெண்டையும் ஒரே கட்டுரையில கலக்காதீங்க, அவ்வளவுதான்.

சேத்து எழுதுங்க, மறுநடவு. நடுவுல ஒற்றெழுத்து வராது, "மறுந்நடவு" எல்லாம் கெடையாது. இன்னொன்னு, "மீண்டும் மறுநடவு செய்தனர்"னு எழுதாதீங்க, ரெண்டு தடவ நட்டு அதுவும் போயி மூணாவது தடவ நட்டாலொழிய. மறுவுலயே மீண்டும் இருக்கு.

ரெண்டாவது படி: நடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

இதுதான் முக்கியமான படி, மத்ததெல்லாம் மறந்தாலும் இத மறக்காதீங்க. ஒன்னு, அந்த நெலத்துல முன்னாடி பயிர் நின்னுச்சா? ரெண்டு, இப்ப எறக்குற கன்னு புதுசா, வேற எடத்துலேருந்து பேத்துக்கிட்டு வந்ததா? மூணு, காடு முழுக்கவா, இல்ல நடுநடுவுல செத்துப்போன எடத்துல மட்டுமா?

பழைய பயிர் நின்ன நெலம், கன்னு புதுசு, காடு முழுக்க. இந்த மூணும் சேந்தாதான் மறுநடவு. ஏதாவது ஒன்னு மாறுனா வார்த்தையும் மாறும்.

நெலத்துல முன்னாடி பயிரே இல்லன்னா அது புதுநடவு, மலாய்ல தானாம் பாரு. எங்க மாமா கேஸு இதுல தலைகீழா விழுந்ததுதான்.

கன்னு புதுசில்ல, நின்ன செடியவே வேரோட எடுத்து வேற எடத்துல வச்சா அது பெயர்த்து நடுறது, நம்ம வாயில பேத்து நடுறது. எங்க லயத்த (தோட்டத்துத் தொழிலாளிங்க வரிசை வீடு) ஒடைக்கும்போது எங்கம்மா வேற எதையும் பெருசா எடுத்துக்கிட்டு வரல, வாசல்ல நின்ன கறிவேப்பிலைய மட்டும் அடிமண்ணு ஒதுராம சங்குல்ல (மண்வெட்டி) சுத்தி வெட்டி, பழைய அரிசிச் சாக்குல கட்டி, லோரியில மடியில வச்சுக்கிட்டு வந்தாங்க. அது இப்ப தாமானுல (குடியிருப்புப் பகுதி) எங்க வீட்டுப் பின்னால நிக்குது. அத மறுநடவுன்னு சொன்னா வார்த்தைக்குத் தப்பு, ஏன்னா செடி அதே செடி, மண்ணுதான் வேற. நெல்லு நாத்தைப் பறிச்சு வயல்ல நடுறதும் இந்த வகைதான், அதுக்கு வெறும் நடவு, இல்லன்னா நாத்து நடவு. இங்க்லீஷ்ல இருக்குற டிரான்ஸ்பிளாண்டைப் பாத்துட்டு அதையும் மறுநடவுன்னு எழுதுறவங்க உண்டு, செய்யாதீங்க.

காடு முழுக்க இல்லாம, செத்த கன்னு எடத்துல மட்டும் வேற கன்னு வச்சா அதுக்குத் தமிழ்நாட்டு விவசாயிங்க கிட்ட அருமையான பேர் இருக்கு, பாடுவாசி நிரப்புறது. தோட்டத்து ஆபிஸ்ல அத சப்ளைன்னு சொல்லிடுவாங்க. மலாய்க்காரங்க இதுக்கு வயல்ல சொல்ற வார்த்தை இன்னும் அழகு, மெஞூலாம், அதாவது எம்பிராய்டரி போடுறது. துணியில ஊசி போட்டு எடையில எடையில பூ தைக்கிற மாதிரி வயல்ல ஓட்டை விழுந்த எடத்துல நாத்து. செக்கிஞ்சான் பக்கம் வயல் வச்சிருக்குற ஒரு மலாய்க்கார அம்மாவுக்குப் பாரம் எழுதும்போது இத கேட்டுட்டு நான் ஒரு நிமிஷம் டைப் அடிக்கிறத நிறுத்திட்டேன்.

நடவே இல்லாம, அறுத்த கட்டையிலேருந்து திரும்ப தழைச்சு வந்தா? கரும்புக்குச் சொல்வாங்க, மறுதாம்பு. கட்டைக் கரும்புன்னும் சொல்றது உண்டு. மறு இருக்கேன்னு மறுநடவு ஆகாது, யாரும் எதையும் நடல.

மூணாவது படி: மூணு மொழியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க

நம்ம ஊர்ல ஒரே விஷயம் மூணு வாயில வருது. தொரையும் கிராணியும் (தோட்டத்து கிளார்க்) ரீப்ளாண்டிங், கவர்மெண்ட் பாரம் தானாம் செமூலா இல்லன்னா தானாமான் செமூலா, தமிழ்ப் பேப்பர் மறுநடவு. மலாய்ல கொஞ்சம் கவனம் வேணும். மெனானாம் செமூலான்னா நடுறது, அதாவது வினை. பெனானாமான் செமூலான்னா நடுற வேலைக்குப் பேரு. தானாமான் செமூலாங்கிறது பயிரையும் சொல்லும் திட்டத்தையும் சொல்லும். தானாம்கிறதுக்குப் பொதைக்கிறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, பொணத்தையும் தானாம்னு சொல்றதக் கேக்கலாம், அதனால வெறும் தானாம்னு எங்கயாவது பாத்தா முழு வரியையும் படிச்சுட்டு தமிழாக்குங்க.

இங்க்லீஷ்ல ரீப்ளாண்ட்னா ரெண்டு விதமா வரும். மரத்த ரீப்ளாண்ட் பண்ணுறதுன்னும் சொல்லலாம், காட்ட ரீப்ளாண்ட் பண்ணுறதுன்னும் சொல்லலாம். தமிழ்ல காட்ட நட முடியாது, காட்டுல நடலாம். "200 ஏக்கரை மறுநடவு செய்தார்கள்"னு எழுதுனா ஏதோ இடிக்குது, "200 ஏக்கரில் மறுநடவு செய்தார்கள்"னு எழுதுங்க, அந்த ஒரு "இல்" போதும். பேச்சுல யாரு மறுநடவு செய்றா, "மறுக்கா நட்டாங்க", "திரும்ப கன்னு வச்சாங்க" அவ்வளவுதான், அதுவும் நல்ல தமிழ்தான்.

ரப்பருக்குப் பதிலா செம்பனை (எண்ணெய்ப்பனை) வச்சா அது மறுநடவா? இத நெறைய பேரு கேக்குறாங்க. தோட்டக் கணக்குல பயிர் மாறுறதுக்குத் தனியா கன்வெர்ஷன்னு ஒரு பேர் உண்டு, தமிழ்ல பயிர்மாற்றம்னு சொல்லலாம். ஆனா லயத்துல ரெண்டுக்கும் சேத்து ரீப்ளாண்டிங்தான். மொத்தக் காட்டையும் வெட்டிட்டு வேற வைக்கிறாங்க, அதுக்கு மேல அவங்களுக்கு வித்தியாசம் எதுக்கு?

நாலாவது படி: தோட்டத்துல இந்த ஒரு வார்த்தைக்குள்ள எத்தன வேலை இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க

அகராதியப் பாத்து மட்டும் எழுதுறவங்க தடுக்கி விழுற எடம் இது. அகராதியில "திரும்ப நடுதல்"னு ரெண்டே வார்த்தை, தோட்டத்துல ரீப்ளாண்டிங்னா ரெண்டு மூணு வருஷம். "அந்தக் காடு ரீப்ளாண்டிங்ல இருக்கு"ன்னு மண்டோர் (வேலைய மேய்க்கிறவரு) சொன்னா இன்னைக்குக் கன்னு நடுறாங்கன்னு அர்த்தமில்ல, மரம் தள்ளுறதுலேருந்து முதல் கொலை (பழக்குலை) வெட்டுற வரைக்கும் எந்தக் கட்டத்துல வேணா இருக்கலாம்.

மரம் ஒரு 25 வருஷத்த தாண்டுனதும் பேச்சு ஆரம்பிக்கும். செம்பனை அப்ப ரொம்ப ஒசந்துடும், நீளக் கம்புல அருவாளக் கட்டி அண்ணாந்து பாத்து வெட்டுறவருக்குக் கழுத்து போயிடும், கொலையும் கொறையும். அப்புறம் எக்ஸ்கவேட்டர் வரும். மரத்தச் சாய்க்கிறது ஒரு வேலை, சாஞ்ச மரத்தத் துண்டு துண்டா சீவி வரிசையா அடுக்குறது அடுத்த வேலை. முன்ன எல்லாம் கித்தாக்காட்ட வெட்டிக் கொளுத்திடுவாங்க, லயமே பொகையில கெடந்துச்சுன்னு பாட்டி சொல்லும். இப்ப தெறந்த வெளியில எரிக்கிறது சட்டப்படி தப்பு, மரம் அங்கயே மக்கிடணும். ஒழுங்காச் சீவாம விட்டா மக்குற கட்டையில காண்டாமிருக வண்டு முட்டை போட்டுப் பெருகி, புதுக் கன்னோட குருத்தையே ஓட்ட போடும். அதோட அடித்தண்டையும் தோண்டி எடுக்கணும், ஏன்னா கனோடெர்மான்னு ஒரு பூசணம், மரத்தடியில தட்டு தட்டா காளான் மாதிரி வரும், பழைய வேர்லேருந்து புது மரத்துக்குத் தொத்தும். பழைய மரத்த நிக்க விட்டு அதுக்கடியிலயே கன்ன வச்சுட்டு அப்புறமா மெதுவா பெருசக் கொல்ற முறையும் உண்டு, வருமானம் ஒரேடியா நின்னுடக் கூடாதுன்னு செய்றது, ஆனா இந்தப் பூசணத்துக்குப் பயந்தே பலபேரு அத வேணாம்பாங்க.

அப்புறம் லைனிங், குச்சி அடிச்சு எடம் குறிக்கிறது. செம்பனைய சதுரமா வைக்க மாட்டாங்க, முக்கோணமா, மரத்துக்கு மரம் ஒரு 9 மீட்டர். ஹெக்டேருக்கு 136லேருந்து 148 மரம் வரைக்கும், நம்ம கணக்குல ஏக்கருக்கு 55லேருந்து 60. வெறும் மண்ணு மழையில கரைஞ்சுடாம இருக்க கொடிப்பயிர் போடுவாங்க, புவேரேரியா, முக்குனா பிராக்டியேட்டா மாதிரி, அவரைக் குடும்பம், மண்ணுக்கு நைட்ரஜனும் கெடைக்கும். முக்குனாவச் சும்மா விட்டா கன்னு மேலயே ஏறி மூடிடும், அத இழுத்து விடுறதுக்கே தனி ஆள் வேணும்.

கன்னு நர்சரியில ஒரு வருஷத்துக்கு மேல வளந்திருக்கும், முதல்ல சின்னப் பையில மூணு மாசம், அப்புறம் பெரிய கறுப்புப் பையில. எங்கப்பா வெளிக்காட்டு மண்டோரா இருந்தாரு, சின்ன வயசுல சோறு குடுக்கப் போனா அவரு நடுறத குந்திக்கிட்டுப் பாப்பேன். குழியில பாஸ்பேட் உரத்தத் தூவி, பையோட அடிய முதல்ல அறுப்பாரு, அப்படியே குழிக்குள்ள எறக்கி, அதுக்கப்புறம்தான் பக்கவாட்டுல கீறிப் பைய மேல உருவுவாரு, மண்ணு உருண்டை ஒடையக் கூடாதுங்கிறதுக்காக. மண்ணத் தள்ளி குதிகால்ல சுத்தி மிதிப்பாரு. கடைசியா ஒரு மட்டையப் பிடிச்சு லேசா இழுத்துப் பாப்பாரு, ஆடுனா திரும்ப மிதி. குருத்து மண்ணுக்குள்ள போச்சுன்னா அழுகும், வேர் வெளிய தெரிஞ்சா சாயும், கழுத்து மண்ணு மட்டத்துக்கு நிக்கணும். ஒரு தடவ புதுசா வந்த ஒருத்தரு அம்பது கன்ன ஆழமா வச்சுட்டாரு, அப்பா திட்டல, சங்குல எடுத்துக்கிட்டு அவரு கூடவே போயி ஒவ்வொன்னாத் தோண்டித் தூக்கி வச்சாரு, ராத்திரி ஏழு மணி வரைக்கும். மூணு கேள்விக் கணக்குல இது மறுநடவு ஆகாதுதான், ஆனாலும் விளையாட்டுக்கு இந்த எடத்துல மட்டும் "மீண்டும் மறுநடவு"ன்னு எழுதிக்கலாம்.

நட்டதுக்கப்புறம் எலி, காட்டுப்பன்னி, முள்ளம்பன்னி தின்ன எடத்துல சப்ளை. நட்டு ரெண்டரை மூணு வருஷத்துல செம்பனை கொலை வெட்டுக்கு வரும். கித்தான்னா அஞ்சாறு வருஷம், மரம் பெருத்தாதான் கத்தி வைக்க முடியும்.

இந்தக் கணக்குலதான் லயத்துக்காரங்களுக்கு இந்த வார்த்தைக்கு வேற ஒரு அர்த்தம் இருந்துச்சு. கித்தாக்காடு ரீப்ளாண்டிங்னு பிரட்டுல (காலையில ஆள் கணக்கெடுக்குற எடம்) சொன்னா அந்த நெரைய வெட்டிக்கிட்டிருந்தவங்களுக்கு நாளைக்கு மரம் இல்ல. அதுல செம்பனை வச்சா வேலைக்கு ஆளும் அவ்வளவு வேணாம். பாட்டி அந்த வார்த்தைய "ரீப்பிளாண்டு வந்துருச்சு"ன்னு, ஏதோ காய்ச்சல் வந்த மாதிரிதான் சொல்லும். அகராதி எழுதுறவங்க இத எந்த எண்ணுல போடுவாங்கன்னு தெரியல, நான் எழுதுனா தனி அர்த்தமாவே போடுவேன்.

அஞ்சாவது படி: பாரத்துலயும் செய்தியிலயும் வர்ற எடங்கள்

இந்த நாட்டுல இந்த வார்த்தை சட்டத்துக்குள்ளயே போயி உக்காந்தது 1952ல. ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் கித்தா மரம் எல்லாம் கெழடு, பால் கம்மி, செயற்கை ரப்பர் வேற போட்டிக்கு வந்துருச்சு. ஏற்றுமதி ஆகுற ரப்பர்லேருந்து ஒரு தொகை புடிச்சு, பழைய மரத்த வெட்டிட்டு நல்ல ரகம் வைக்கிறவங்களுக்குக் குடுக்குறதுக்குன்னு மறுநடவு நிதியும் வாரியமும் வந்துச்சு. சின்னத் தோட்டக்காரங்களுக்கு 1973லேருந்து ரிஸ்டாங்கிற அரசாங்க அமைப்பு. அதனாலதான் நம்ம பக்கத்துப் பெருசுங்க "ரிஸ்டா கன்னு", "ரிஸ்டா காசு"ன்னு சொல்லும்போது அதுல மறுநடவுங்கிற அர்த்தம் தானா வந்துடும், வார்த்தையே சொல்ல வேண்டியதில்ல. காசு ஒரேடியா வராது, வேலை நடந்தத வந்து பாத்துப் பாத்துக் கட்டம் கட்டமாத்தான் வரும். அதனால பாரம் எழுதும்போது "மரம் வெட்டியாச்சு", "குழி எடுத்தாச்சு", "கன்னு நட்டாச்சு" மூணையும் தனித்தனியா எழுதுங்க, எல்லாத்துக்கும் மறுநடவுன்னு ஒரே வார்த்தையப் போட்டா எந்தக் கட்டத்துல நிக்கிறீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது.

செம்பனைக்குக் கதை நம்ம ஊர்ப் பக்கத்துலதான் ஆரம்பிக்குது, இந்த நாட்டுல வியாபாரத்துக்குன்னு முதல்ல செம்பனை வச்சது 1917ல தென்னமரம் தோட்டத்துல. பேரு தென்னமரம், வச்சது செம்பனை, என்னத்த சொல்ல. 1917ல வச்ச மரத்த 25 வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துனதா ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம், இப்ப நிக்கிறது எத்தனாவது தலைமுறைன்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க.

ஆறாவது படி: செடி இல்லாத எடத்துல

இங்க்லீஷ் ரீப்ளாண்ட் ஆஸ்பத்திரிக்குள்ளயும் போகும். அறுந்த வெரல, விழுந்த பல்லத் திரும்ப வச்சுப் பொருத்துறதுக்கும் அதே வார்த்தை. தமிழ்ல வெரல நடவு பண்ணுனாங்கன்னு எழுதுனா பேய்க்கதை மாதிரி ஆயிடும். "மறுபடி பொருத்தினார்கள்", "ஒட்டவைத்தார்கள்" போதும். பல்லுன்னு வந்ததால ஒன்னு சொல்லிடுறேன். பெரிய புள்ளைங்க விழுந்து நெரந்தரப் பல்லு வேரோட வந்துட்டா வேரத் தொடாம மேல் பக்கத்தப் பிடிச்சு எடுங்க, அழுக்கா இருந்தா பால்லயோ தண்ணியிலயோ ஒரு அலசு, தேய்க்கக் கூடாது, முடிஞ்சா அந்தப் பள்ளத்துலயே வைங்க, இல்லன்னா பால்ல போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள பல் டாக்டர் கிட்ட ஓடுங்க, சீக்கிரம் போனா அவ்வளவு நல்லது. பால் பல்லுக்கு இது கெடையாது.

மனுஷங்கள ஒரு எடத்துலேருந்து எடுத்து இன்னொரு எடத்துல குடி வைக்கிறதுக்கு மறுகுடியமர்வு, மறுகுடியேற்றம். காட்ட அழிச்ச எடத்துல திரும்பக் காட்டு மரம் வளக்குறதுக்கு மறுகாடாக்கம். தலைமுடிக்கு மட்டும் நம்ம ஆளுங்க தயங்காம நடுறதுன்னே சொல்லிடுறாங்க, "செலாங்கூர்ல எங்கயோ போயி முடி நட்டுக்கிட்டு வந்துட்டான்"னு, அது எனக்குப் புடிச்சிருக்கு, அப்படியே விட்டுடுங்க.

மாமா பாரம் என்னாச்சுன்னு கேப்பீங்க. ரெண்டாவது தடவ தானாம் செமூலாவுல டிக் போட்டு, நெலத்துல நிக்கிற பழைய மரத்தோட படமும் நாலு எடுத்து ஒட்டி அனுப்புனேன், இந்தத் தடவ கவுண்டர்ல எடுத்துக்கிட்டாங்க. ஆளு வந்து காட்டப் பாத்துட்டும் போயிட்டாரு. போட்டோஸ்டாட் காசு நாலு வெள்ளி அறுவது காசு மாமா இன்னும் தரல.